பல்கலைக்கழக வேலை அரசாங்க வேலையா? சம்பளச் சீட்டில் வரும் யூனியன் பிடித்தத்தைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் சகோதரி ஒருவரின் கேள்வி இது. "நான் எந்த யூனியனிலும் சேரவில்லை. ஆனாலும் சம்பளச் சீட்டில் மாதாமாதம் 'ஏஜென்சி ஃபீ' என்று பிடிக்கிறார்கள். இது சரியா? என் தம்பி அரசு மருத்துவமனையில் நர்ஸ். 2025 ஏப்ரல் முதல் அவனுக்கு 5.5 சதவீதம் ஏறியது. எனக்கு அந்த உயர்வு வரவில்லை. இரண்டுமே அரசாங்க வேலைதானே? அவன் இருக்கும் யூனியனிலேயே நானும் சேரலாமா? சேரப்போகிறேன் என்று பேச்செடுத்ததும் சூப்பர்வைசர், 'உன் பிரமோஷனுக்கு அது நல்லதில்லை' என்கிறார்."

ஒரு வளாகத்தில் பல ஆண்டுகள் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் யூனியன் பிரதிநிதியாக, இருந்திருக்கிறேன். இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் தம்பிக்கும் உங்களுக்கும் முதலாளி வேறு வேறு. தம்பியை வேலைக்கு வைத்திருப்பது குவாசூலு-நட்டால் மாகாணச் சுகாதாரத் துறை. அதனால் அவர் சட்டப்படி 'பொதுச் சேவை'யில் இருக்கிறார். உங்களை வேலைக்கு வைத்திருப்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் கவுன்சில், அதாவது அதன் ஆளும் குழு. 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது: பொதுப் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களை நியமிப்பது அந்த நிறுவனத்தின் கவுன்சில். அரசு மானியம் கொடுக்கிறது, அமைச்சர் சிலரைக் கவுன்சிலுக்கு நியமிக்கிறார். அவ்வளவுதான். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, கீழே யார் சார்பில் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தை யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது.

தம்பியின் பக்கம் எப்படி நடக்கிறது? 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டம், 66ஆம் எண், 35ஆம் பிரிவில் பொதுச் சேவை முழுவதற்கும் ஒரு பேச்சுவார்த்தை மன்றத்தை அமைத்தது. பி.எஸ்.சி.பி.சி. என்று சொல்வார்களே, அதுதான். நாடு முழுக்க ஏறத்தாழ 13 லட்சம் அரசு ஊழியர்களின் சம்பள உயர்வு அங்கே பேசப்படுகிறது. அதற்குக் கீழே நான்கு துறை மன்றங்கள்: பொது நிர்வாகம், சுகாதாரம்-சமூகநலம், கல்வி, காவல்துறை. சம்பள உயர்வு சதவீதம், வீட்டுப்படி, மருத்துவ உதவி போன்றவை மேல்மன்றத்தில் முடிவாகும். துறைக்கே உரிய விஷயங்கள் கீழ்மன்றத்துக்குப் போகும். தம்பிக்குக் கிடைத்த 5.5 சதவீதம் 2025இல் அந்த மேல்மன்றத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அதே ஒப்பந்தம் அடுத்த இரண்டு ஆண்டுகளின் உயர்வை விலைவாசியோடு இணைத்திருக்கிறது, 4 சதவீதத்துக்குக் குறையாமல், 6 சதவீதத்துக்கு மேல் போகாமல்.

பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரு தேசிய மன்றமே கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நிர்வாகமும் தன் யூனியன்களுமாகத் தனித்தனியே பேசிக்கொள்கிறது. மானியம், மாணவர் கட்டணம், மற்ற வருமானம் எல்லாம் சேர்த்து இந்த வருடம் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் பேச்சு தொடங்கும். ஒரே ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருப்பதற்குக் காரணம் இதுதான். தேசிய மன்றம் ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனித்தனியாகப் பேசும்போது சின்ன வளாகத்து ஊழியர்களே எப்போதும் இழக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதில்லை. ஈத்தெக்குவினி, அதாவது டர்பன், நகராட்சியில் வேலை பார்ப்பவரும் பொதுச் சேவையில் இல்லை. நகராட்சிகளுக்குத் தனி மன்றம், தனி ஒப்பந்தம். சாம்வூ, இமாட்டு என்ற இரண்டு நகராட்சி ஊழியர் யூனியன்களும் அங்கே பேசுகின்றன. தொழிற்பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர்கள் 2015 ஏப்ரலில் உயர்கல்வித் துறையின் நேரடி ஊழியர்களாக மாற்றப்பட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் பொதுச் சேவைக்காரர்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளரோ இல்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. மாகாணக் கல்வித் துறை நியமித்த ஆசிரியர் கல்வி மன்றத்தின் கீழ் வருவார். பள்ளி நிர்வாகக் குழு தன் கட்டணப் பணத்தில் வைத்துக்கொண்ட ஆசிரியருக்கு முதலாளி அந்தப் பள்ளிதான். நம் சமூகத்தில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரை நிர்வாகக் குழுவே நியமித்திருந்தால், மாகாண ஆசிரியருக்கு ஏறும் சதவீதம் அவருக்குத் தானாக வராது. அவரை வேலையை விட்டு நீக்கினால் வழக்கு போவதும் கல்வி மன்றத்துக்கு இல்லை, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்கு.

சரி, பொதுச் சேவையில் இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். 2018இல் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. முதல் இரண்டு வருட உயர்வு வந்தது. 2020 ஏப்ரலில் தர வேண்டிய மூன்றாம் வருட உயர்வை அரசு தரவில்லை. யூனியன்கள் வழக்குப் போட்டன. தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 டிசம்பரில் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 பிப்ரவரி 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணம்? இவ்வளவு செலவுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதித்துறையின் ஒப்புதல் இருக்க வேண்டும் என்று பொதுச் சேவை விதிகள் சொல்கின்றன. அந்த ஒப்புதல் வாங்கப்படவில்லை, ஆகவே மூன்றாம் வருடப் பகுதி செல்லாது. விதியை மீறியது அரசுத் தரப்பு, பணத்தை இழந்தது நர்ஸும் கிளார்க்கும். அந்தத் தீர்ப்பை இன்று வாசித்தாலும் எனக்கு மனம் ஆறாது. ஆனால் அதிலிருந்து யூனியன்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. இப்போது எந்த மேசையிலும் "பணத்துக்கு ஒப்புதல் கடிதம் எங்கே?" என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடுகிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் பல வருட ஒப்பந்தம் போடும்போது கவுன்சில் அதற்கு ஒப்புதல் தந்துவிட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பிடித்தத்துக்கு வருவோம்.

அது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். தொழிலாளர் உறவுகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஓர் இடத்தில் பெரும்பான்மை ஊழியர்களை உறுப்பினராகக் கொண்ட யூனியனும் முதலாளியும் 'ஏஜென்சி ஷாப்' ஒப்பந்தம் போடலாம். போட்டுவிட்டால், உறுப்பினர் ஆகாதவர்களின் சம்பளத்திலிருந்தும் ஒரு தொகையைப் பிடிக்கலாம். உங்கள் கையெழுத்து அதற்குத் தேவையில்லை. அந்த யூனியன் பேசி வாங்கும் உயர்வும் விடுப்பும் உங்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது, ஆகவே செலவிலும் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதே அதன் நியாயம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் சட்டம் அதற்கு வேலியும் போட்டிருக்கிறது. அந்தத் தொகை உறுப்பினர் சந்தாவுக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்க வேண்டும். தனிக் கணக்கில் போட வேண்டும். எந்த அரசியல் கட்சிக்கும் அதிலிருந்து காசு போகக் கூடாது. நீங்கள் உறுப்பினராகியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மனசாட்சி காரணமாக அந்த யூனியனுக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால், தொழிலாளர் துறை நிர்வகிக்கும் நிதிக்கு அதை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அப்புறம், பெரும்பான்மை போய்விட்டால் ஒப்பந்தத்தையே கேள்வி கேட்கலாம். ஆகவே மனிதவளப் பிரிவுக்கு ஓர் எளிய மின்னஞ்சல் போடுங்கள்: எந்த யூனியனோடு ஒப்பந்தம், எந்தத் தேதி, சந்தா எவ்வளவு, ஏஜென்சி ஃபீ எவ்வளவு, ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வேண்டும். நகல் தருவதற்குத் தயங்கினால் ஷாப் ஸ்டூவர்டிடம் கேளுங்கள், அவர் கையில் இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாதாமாதம் காசு போகிறது, ஆகவே நமக்கும் யூனியன் உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏஜென்சி ஃபீ கட்டுபவருக்கு யூனியன் கூட்டத்தில் ஓட்டு இல்லை. நிர்வாகத்தின் சம்பள முன்மொழிவை ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்கும்போது அவர் குரல் அங்கே இல்லை. ஒழுங்கு நடவடிக்கை வந்தால் அவருக்காக ஆளை அனுப்ப வேண்டிய கடமையும் யூனியனுக்கு இல்லை. கிட்டத்தட்ட முழு விலையைக் கொடுத்துவிட்டுப் பாதிச் சரக்கை வாங்குவது போல. நீங்கள் அந்தப் பெரும்பான்மை யூனியனிலேயே சேர்ந்தால் ஏஜென்சி ஃபீ நின்று, அதன் இடத்தில் சந்தா வரும். வேறு சின்ன யூனியனில் சேர்ந்தால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, இரண்டு பிடித்தமும் வரக்கூடும். கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எந்த யூனியனில் சேரலாம்? தம்பி டெனோசாவில் இருந்தால் நீங்கள் அதில் சேர முடியாது, அது நர்ஸுகளுக்கான சங்கம். 1987இல் தொடங்கிய நேஹாவுவில் அவர் இருந்தால் நீங்களும் சேரலாம். கல்வி, சுகாதாரம் இரண்டும் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே இருக்கின்றன, பல்கலைக்கழகங்களில் அதற்கு நீண்ட கால வேர் உண்டு. உயர்கல்வி ஊழியர்களுக்கென்றே என்.டி.இ.யு. இருக்கிறது. சில வளாகங்களில் அந்த வளாகத்துக்கு மட்டுமேயான ஊழியர் சங்கங்களும் உண்டு. ஒரு யூனியன் தன் சட்டவிதியில் எழுதியிருக்கும் எல்லைக்குள் வருபவரை மட்டுமே சேர்க்க முடியும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் லுஃபில் பேக்கேஜிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லைக்கு வெளியே சேர்ந்தால், நெருக்கடி வரும்போது "இவர் உங்கள் உறுப்பினரே இல்லை" என்று முதலாளி தரப்பு கிளப்பும். அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பெயரைப் பார்த்தோ கொடியின் நிறத்தைப் பார்த்தோ தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் வளாகத்தில், உங்கள் கட்டடத்தில் யாருக்கு ஆள் இருக்கிறது என்று பாருங்கள். ஆள் எண்ணிக்கைதான் எல்லாம். போதுமான உறுப்பினர்கள் இருக்கும் யூனியனுக்கு வளாகத்துக்குள் வரவும், கூட்டம் நடத்தவும், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துத் தரச் சொல்லவும் உரிமை உண்டு. பெரும்பான்மை கிடைத்தால் ஷாப் ஸ்டூவர்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம், பேச்சுவார்த்தைக்கு வேண்டிய கணக்கு வழக்குகளையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு கணக்கே சொல்கிறது: 10 உறுப்பினர் இருந்தால் ஒரு பிரதிநிதி, 10க்கு மேல் 50க்குள் என்றால் இரண்டு பேர், அதற்கு மேல் 300 வரை ஒவ்வொரு 50 பேருக்கும் இன்னொருவர். நீங்கள் ஒருவர் சேருவது அந்தக் கணக்கில் ஒரு எண். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவரும், பகுதிநேர டியூட்டரும், ஏன் மேலாளரும்கூட உறுப்பினராகலாம்.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு, யூனியன் எல்லாம் நமக்கு எதற்கு, வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்று. அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நம் வரலாறு அப்படி இல்லை. டர்பன் மகசின் பேரக்ஸில் நெருக்கியடித்துக் குடியிருந்த நகராட்சித் தொழிலாளர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1960களில் அவர்களை டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நட்டால் இந்திய ஆசிரியர் சங்கம் 1925இலேயே தொடங்கிவிட்டது. அதன் வழி வந்தவர்கள்தான் பின்னால் 1990இல் பிறந்த ஆசிரியர் யூனியனான சாட்டுவின் கட்டுமானத்திலும் பங்கெடுத்தார்கள். இந்தியர்களுக்கென்று 1961இல் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்த வளாகத்தில் ஊழியர் சங்கம் எவ்வளவு துடிப்பாக இருந்தது என்று பழையவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பே 1985 டிசம்பரில் இதே டர்பனில் தொடங்கியதுதான்.

சூப்பர்வைசர் சொன்னது வெறும் அறிவுரை என்று விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் உறவுகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு யூனியனில் சேரும் உரிமையைத் தருகிறது. 5ஆம் பிரிவு அதற்காக யாரும் உங்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. சேராமல் இருந்தால் பிரமோஷன் என்று ஆசை காட்டுவதும், சேர்ந்தால் கெடும் என்று பயமுறுத்துவதும் இரண்டும் தவறு. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவிலேயே இந்த உரிமை இருக்கிறது. யூனியன் உறுப்பினர் என்பதற்காக வேலையை விட்டு நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம். சாதாரணமாக இழப்பீட்டின் உச்சம் 12 மாதச் சம்பளம் என்றால் இதற்கு 24 மாதம். இப்போதே அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் என்ன சொன்னார், எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். பின்னால் பிரமோஷன் விஷயத்தில் ஏதாவது நடந்தால் அந்தக் குறிப்புதான் பேசும்.

ஒழுங்கு விசாரணை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் யூனியனைத் தேடி வருவது அந்தக் காகிதம் கையில் வந்த பிறகுதான். வளாகத்துக்குள் நடக்கும் விசாரணையில் யூனியன் பிரதிநிதி ஒருவரோ சக ஊழியர் ஒருவரோ உங்களோடு உட்காரலாம். வேலை போய்விட்டு வழக்கு சி.சி.எம்.ஏ.வுக்குப் போனால், நடத்தை அல்லது திறமை காரணமான பணிநீக்கங்களில் வழக்கறிஞர் தானாக நுழைய முடியாது, கமிஷனரின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற யூனியனின் அதிகாரி மட்டும் தன் உறுப்பினருக்காக நேராக வந்து வாதாடலாம். சி.சி.எம்.ஏ.வில் கட்டணம் கிடையாது. நல்ல யூனியன் அதிகாரி ஒருவர் அந்த அறையில் பக்கத்தில் இருப்பதன் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் உறவு அலுவலர் முழுநேரமும் இதையே செய்பவர். இந்தப் பக்கம் தூங்காத கண்களோடு ஒரு கிளார்க். ஆனால் சார்ஜ் ஷீட் வந்த மறுநாள் சேர்ந்துவிட்டு ஆள் அனுப்பச் சொன்னால் பல யூனியன்கள் மறுக்கும், மறுப்பதிலும் நியாயம் உண்டு. வருடக்கணக்கில் சந்தா கட்டியவர்களின் பணம் அது.

வேலைநிறுத்தம் என்று வந்தால் இங்கே உங்களுக்கு ஒரு வசதி, தம்பிக்கு ஒரு கஷ்டம். நர்ஸ் வேலை அத்தியாவசியச் சேவை. குறைந்தபட்சச் சேவை ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அவர் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, தகராறு மத்தியஸ்தத் தீர்ப்புக்குத்தான் போகும். 2007இலும் 2010இலும் நடந்த பெரிய அரசு ஊழியர் வேலைநிறுத்தங்களில் மருத்துவமனைகள்தான் நீதிமன்றத் தடைகளின் மையமாக இருந்தன. 2023 மார்ச்சில் நேஹாவு வேலைநிறுத்தத்தின்போதும் அதே கதை. உங்கள் வேலை அந்த வகையில் வராது. தகராறை முதலில் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் முடியாவிட்டால், உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்புக்குப் பிறகு, 48 மணி நேர எழுத்து அறிவிப்போடு இறங்கலாம். அரசே முதலாளி என்றால் அந்த அறிவிப்பு 7 நாள். சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. அதை முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர் இல்லாதவரும் அந்த வேலைநிறுத்தத்தில் சேரலாம், தனி அறிவிப்பு தேவையில்லை என்று 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மொலொட்டோ வழக்கில் சொல்லியிருக்கிறது.

யூனியன்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு அமைப்பாளர் பல வளாகங்களைப் பார்க்கிறார், போன் எடுக்க நாளாகும். உள் அரசியல் உண்டு. ஷாப் ஸ்டூவர்ட் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம், அதற்கும் உள்ளே இருக்க வேண்டும். விலக வேண்டுமென்றால் முதலாளிக்கும் யூனியனுக்கும் ஒரு மாத எழுத்து அறிவிப்பு கொடுத்தால் சந்தாப் பிடித்தம் நின்றுவிடும். தம்பியைப் போலப் பொதுச் சேவையில் இருப்பவருக்கு அது மூன்று மாதம்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். மனிதவளப் பிரிவிடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். உங்கள் கட்டடத்து ஷாப் ஸ்டூவர்ட் யாரென்று கண்டுபிடித்து மதிய இடைவேளையில் போய்ப் பேசுங்கள். உறுப்பினர் படிவத்தையும் பிடித்தத்துக்கான சம்மதப் படிவத்தையும் நிரப்பி, தேதியோடு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சீட்டில் ஏஜென்சி ஃபீ மறைந்து சந்தா வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள். தவறாகப் பிடித்த காசைத் திரும்ப வாங்க நாள் கடத்தக் கூடாது. எந்தப் புகாருக்கும் கெடு உண்டு: பணிநீக்கம் என்றால் 30 நாளுக்குள், பிரமோஷன் போன்ற நியாயமற்ற நடவடிக்கை என்றால் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அது சி.சி.எம்.ஏ., தம்பிக்கு அவருடைய துறை மன்றம்.